பனையைப் பார்க்காதீர்கள், பெயின்ற்றைப் பாருங்கள்: தைலவர்ண நிலக்காட்சி ரசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஓவியக் கண்காட்சி ஏதாவது நடந்தால் வாசலில் கொஞ்சநேரம் நின்று காது கொடுங்கள். வெளியே வருகிறவர்களில் அரைவாசிப் பேர் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: “அப்படியே போட்டோ மாதிரி இருக்கு.” பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். வரைந்தவரும் சிரித்துத் தலையாட்டுவார். ஆனால் அந்த வசனத்தோடு பார்ப்பது முடிந்துபோகிறது. பனை தெரிந்தது, கடல் தெரிந்தது, அடுத்த படம்.

அக்காவின் மகளை ஒருமுறை கூட்டிப்போனேன். ஏ.எல். படிக்கிற பிள்ளை. பத்து நிமிடத்தில் மண்டபத்தைச் சுற்றி முடித்துவிட்டு “மாமா, போவமா?” என்றாள்.

“இந்த ஒரு படத்தை மட்டும் பாத்திட்டுப் போவம்.”

“இதிலை என்னத்தைப் பாக்கிறது? பனையும் கடலும்தானே.”

“பனையைப் பாக்காதை. பெயின்ற்றைப் பார்.”

அன்று அந்தப் படத்தின் முன்னால் அரை மணித்தியாலம் நின்றோம். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். வரையத் தெரியவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்தை இடையில் விட்டவர்களுக்கும் இது போதும்.

போவதற்கு முன்: அது எதால் ஆனது?

தைலவர்ணம் என்பது தூளாக்கிய மண்ணும் கல்லும் உலோகக் கூட்டுகளும் எண்ணெயில் குழைந்த பசை. அவ்வளவுதான். அந்த மண் நமக்குப் புதிதும் இல்லை. கோப்பாய், உரும்பிராய் தோட்டங்களின் செம்மண்ணைச் சிவப்பாக்குவது இரும்பு ஒட்சைட்டு. கோயில் மதிலில் வெள்ளையோடு மாறி மாறிப் பூசுகிற காவியும் அதே. ஓவியர்களின் பெட்டியில் யெலோ ஓக்கர், பேர்ண்ற் சியன்னா என்று எழுதிய ரியூபுகளில் இருப்பதும் இந்தக் குடும்பந்தான். மஞ்சட் காவியைச் சுட்டால் சிவக்கும். சியன்னா மண்ணை வறுத்தெடுத்தால் பேர்ண்ற் சியன்னா. றோ அம்பர் என்ற மண்ணிறத்தில் இரும்போடு மங்கனீசும் உண்டு. அதனால் அது விரைவாகக் காயும், அடிக்கோடு போடப் பலர் அதை எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீலத்தின் கதை வேறு. அல்ட்ராமரின் முன்பு ஆப்கானிஸ்தான் மலைகளில் எடுத்த கல்லை அரைத்துச் செய்தது, பொன் விலை விற்றது. 1820களின் பிற்பகுதியில் அதைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள், விலை விழுந்தது. பிறகு அந்தத் தூள் வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலமாகவும் வந்தது. ஆகவே ஒரு பழைய ஐரோப்பியப் படத்தில் ஆகாயம் முழுக்க ஆழ்ந்த நீலமாக இருந்தால், வரைந்த ஆண்டையும் பாருங்கள். சில சமயம் அது பணக்காரர் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய ஆகாயம்.

அடுத்தது எண்ணெய். இங்கேதான் நான் சூடு கண்டவன். பதினேழு வயதில் இரண்டு மூன்று பழைய ரியூபுகள் எப்படியோ கைக்கு வந்தன. ஆளிவிதை எண்ணெய் எங்கும் கிடைக்கவில்லை. எண்ணெய் எண்ணெய்தானே என்று குசினியிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்துக் குழைத்துக் காக்கைதீவுக் கடற்கரையை வரைந்தேன். நல்லாய்த்தான் வந்தது. ஒரு மாதம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டியது. மூன்று மாதம் கழித்தும் ஒட்டியது. ஆகாயத்தில் நுளம்புகள் செத்துக் கிடந்தன, கரையோரம் எறும்பு ஊர்ந்தது. கடைசியில் அம்மா அதைக் கோழிக்கூட்டுக்கு மறைப்பாக வைத்தார்.

தண்ணீர் ஆவியாகிப் போவதுபோல எண்ணெய் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகித் தோலாகிறது. தேங்காயெண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை, எத்தனை வருடம் வைத்தாலும் எண்ணெயாகவே இருக்கும். நல்லெண்ணெய் அரைகுறை. இறுகுவதற்கு எடுக்கும் அந்த நாட்கள்தான் தைலவர்ணத்தின் முழு வித்தைக்கும் அடிப்படை. மெல்லிய பூச்சு தொட்டால் ஒட்டாமல் வரவே சில நாள் பிடிக்கும். அதுவரை ஓவியர் அதைக் கலக்கலாம், இழுக்கலாம், துடைத்தெடுக்கலாம், மேலே இன்னொரு நிறத்தை ஈரத்தோடு ஈரமாய் வைக்கலாம். தண்ணீரில் குழைக்கும் அக்ரிலிக் பெயின்ற்றில் இதற்கெல்லாம் சில நிமிடந்தான் அவகாசம்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கன்வஸ் என்பது பருத்தி அல்லது லினன். லினன் ஆளிச் செடியின் நாரில் நெய்வது. அதே செடியின் விதையில்தான் எண்ணெய். கூரைக்கு ஓலை, தின்னப் பழம் என்று நம் பனை கொடுப்பதுபோல ஒரே செடி துணியும் எண்ணெயும் தருகிறது. ஆனால் எண்ணெய் நேரே துணியில் ஊறினால் நாள்பட்டு நார் இற்றுப்போகும். அதற்காகத்தான் இடையில் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு.

படத்தின் முன்னால்

முதலில் தள்ளி நில்லுங்கள். படத்தின் அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம். கண்ணை அரைவாசி மூடுங்கள். நிறங்கள் மங்கி, இருட்டும் வெளிச்சமும் நான்கைந்து திட்டுகளாகத் தெரியும். அந்தத் திட்டுகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி இருக்கின்றன என்று பாருங்கள். நல்ல படமென்றால் கண்ணை அரைவாசி மூடிய நிலையிலும் அது நிற்கும். வடிவான நிறங்கள் நிறைந்த பல படங்கள் இந்த இடத்திலேயே சரிந்து, ஒரே சாம்பல் களியாகிவிடும்.

அடுத்து அடிவானக் கோட்டைத் தேடுங்கள். மலைநாட்டில் வரைகிறவருக்குத் தூரம் காட்டுவது இலகு. ஒன்றன்பின் ஒன்றாக நீல மலைகளை அடுக்கிவிடலாம். நமக்கு மலை கிடையாது. பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் நிலமும் நீரும் ஒரு கோடு, மிச்சமெல்லாம் ஆகாயம். இந்தத் தட்டை நிலத்தில் ஆழத்தை எப்படிக் காட்டுவது? இந்தக் கேள்விக்கு முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே வழி கண்டவர்கள் ஒல்லாந்தர். யாக்கோப் வான் ரூய்ஸ்டால் 1670களில் வரைந்த ஹார்லெம் நகரக் காட்சிகளில் படத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆகாயம். கீழே மேக நிழலும் வெயிலும் பட்டி பட்டியாக மாறி மாறி விழுகின்றன. கண் ஒரு வெயில் பட்டியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவித் தொலைவுக்குப் போகிறது. நடுவில் நீள நீளமாய் வெள்ளைக் கீற்றுகள் இருக்கும். அவை வெளுக்க விரித்த லினன் துணிகள். அந்தப் படங்கள் வரையப்பட்டபோது யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்தவர்களும் ஒல்லாந்தர்தான். நயினாதீவுக்கு அவர்கள் ஹார்லெம் என்றே பேர் வைத்திருந்தார்கள். தங்கள் ஊர்போலவே தட்டையாய்க் கிடந்த நிலத்தைப் பார்த்து என்ன நினைத்தார்களோ.

ஆகவே நம் ஊர் நிலக்காட்சியில் ஆகாயத்தை வெறும் பின்திரையாக விட்டிருக்கிறாரா, அதற்கு வேலை கொடுத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். உச்சியில் நீலம் ஆழமாகவும் அடிவானத்துக்கு இறங்க இறங்க வெளிறியும் வருகிறதா? ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821, 1822இல் லண்டனுக்கு அருகே ஹம்ஸ்ரெட்டில் ஆகாயத்தை மட்டுமே பத்துப் பத்தாக வரைந்து, பின்பக்கத்தில் திகதி, நேரம், காற்றுத் திசை எல்லாம் எழுதி வைத்தார். நமக்கு வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பேர் வைத்துக்கொடுத்த ஊர். கடலுக்குப் போகிறவர் ஒருவரைக் கூட்டிவந்து படத்தின் முன் நிறுத்தி, இது எந்தக் காற்றுக்கால ஆகாயம் என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடனே சொல்லிவிட்டால் வரைந்தவர் வெற்றி.

இப்போது கிட்டப் போங்கள். ஒரு முழத் தூரம் போதும், தொடக்கூடாது. காட்சி கலைந்துவிடும்; பனை போய், வெறும் பசைக்கோடுகள் தெரியும். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இங்கே ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருங்கள்: எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது?

பனைமரத்தை எடுங்கள். ஆகாயத்தை முதலில் பூசி அதன்மேல் ஓலையை வைத்தாரா, ஓலையை வைத்துவிட்டு இடைவெளிகளில் ஆகாயத்தைத் திணித்தாரா? இரண்டாவதென்றால் ஓலைகளுக்கிடையிலுள்ள நீலத் துண்டுகள் ஓலையைவிடத் தடிப்பாகவும், விளிம்பில் ஓலையின் மேல் சற்று ஏறியும் இருக்கும். அனுபவமுள்ளவர்கள் பலர் இதையே செய்வார்கள். மரத்தை இருட்டுத் திட்டாக வைத்துவிட்டு, வெளிச்சத்தால் அதை வெட்டியெடுப்பது. ஓலையின் நுனி எங்கே கூர்மையாக இருக்கிறது, எங்கே ஆகாயத்தோடு கரைகிறது என்றும் பாருங்கள். எல்லா விளிம்பும் ஒரே கூர்மையென்றால் மரம் கத்தரித்து ஒட்டிய கடுதாசியாகிவிடும். தொடக்கத்தில் எல்லாரும் செய்கிற பிழை அது. நானும் வருடக்கணக்காகச் செய்தேன்.

இதே வரிசையில்தான் பழைய விதி ஒன்றும் இருக்கிறது: மெலிந்ததன்மேல் கொழுத்தது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, பெயின்ற்றை இளக்கும் ரேபன்ரைன் கூடுதல். மேலே போகப் போக எண்ணெய் கூடுதல். மாறிச் செய்தால் மேற்பூச்சு முதலில் காய்ந்துவிடும், அடியில் இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருக்கும். ஆவணி வெயிலில் தரவை நிலத்தைப் பார்த்திருப்பீர்கள்: மேல்மண் காய்ந்து சுருங்க, அடியில் ஈரம் நிற்க, பாளம் பாளமாக வெடித்திருக்கும். படத்தில் அப்படி வெடிப்புக் கண்டால் பெரும்பாலும் வரிசை பிழைத்த இடம் அது.

தடிப்பு எங்கே, மெல்லிசு எங்கே? பொதுவாக நிழலை மெல்லிசாகவும் வெளிச்சத்தைத் தடிப்பாகவும் வைப்பார்கள். மெல்லிய நிழலுக்குள் பார்வை போகும். தடித்த வெள்ளை உண்மையான வெளிச்சத்தையே பிடித்துத் திருப்பி அடிக்கும். அலைநுரையையும் உச்சி வெயில் பட்ட சுவரையும் கத்தியால் அப்பியிருப்பார்கள். நிழலுக்குக் கண்ணாடிபோல எண்ணெய் மிகுந்த ஒரு பூச்சை, காய்ந்த நிறத்தின் மேல் இழுத்திருக்கலாம். அதற்குக் கிளேஸ் என்று பேர். நீர் ஆழமாய்த் தெரிவது பலசமயம் இந்தக் கிளேஸினால். இதற்கு நேர்மாறு, காய்ந்த இருட்டின் மேல் வரண்ட தூரிகையால் வெளிர் நிறத்தை உரசி விடுவது. கடலேரிமேல் காலைப் பனிப்புகார் எழுவதைக் காட்ட இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகினாலே படம் பார்க்கிற விதம் மாறிவிடும்.

பக்கவாட்டில் போய் நின்று சுவரோடு சாய்ந்து பார்ப்பதும் நல்லது. யன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது தூரிகைத் தடங்கள் உழுத தோட்டம்போல வரியோடித் தெரியும். தடங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன? நீருக்குக் கிடையாக, மணலுக்குச் சாய்வாக, ஆகாயத்துக்கு எல்லாப் பக்கமுமாக என்று மாற்றியிருக்கிறாரா? வான் கோவின் 1890ஆம் ஆண்டுக் கோதுமை வயல்களில் ஒவ்வொரு இழுப்பும் ஒரு கோதுமைத் தாள்போலக் கிடக்கும். அது பயிரும்தான், பெயின்ற்றும்தான். கைபேசியின் ரோச் வெளிச்சம் அடிக்க ஆசை வரும். கேட்டுவிட்டு அடியுங்கள்.

சில இடங்கள் மினுங்கும், சில இடங்கள் சுண்ணாம்புபோல மங்கி இருக்கும். மங்கிய இடத்தில் அடிப்பூச்சு எண்ணெயைக் குடித்துவிட்டது என்று பொருள். கடைசியில் வார்னிஷ் பூசினால் எல்லாம் ஒரே மினுக்கமாகும். ஆனால் படம் நன்றாகக் காய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்கவேண்டும் என்பது வழமை. கண்காட்சி அவசரத்தில் பலர் பொறுப்பதில்லை.

நிறத்துக்கு வருவோம். பச்சையைப் பாருங்கள், ஓவியரின் கை அதில்தான் தெரிந்துவிடும். ரியூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே பூசினால் தோட்டம் பிளாஸ்ரிக் தோட்டமாகும். இணுவில் பக்கம் ஒரு வரம்பில் நின்றால் புகையிலை ஒரு பச்சை, வாழை வேறு பச்சை, வெங்காயத் தாளில் நீலம் கலந்த பச்சை, பனையோலையில் சாம்பல். கொன்ஸ்டபிளின் “ஹே வெய்ன்” 1824இல் பாரிசில் காட்டப்பட்டபோது அங்குள்ள ஓவியர்கள் அசந்ததற்கு ஒரு காரணம், அவருடைய பச்சை ஒரு பச்சையாக இல்லாமல் பல பச்சைகளின் துணுக்குகளாக இருந்தது. அந்தப் படம் லண்டன் நாஷனல் கலரியில் இருக்கிறது; அவர்களுடைய இணையத்தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பச்சைக்குப் பக்கத்தில் எங்காவது ஒரு சிவப்பு இருக்கிறதா என்றும் தேடுங்கள். நம் செம்மண் அந்த வேலையைச் சும்மா செய்துகொடுக்கிறது.

பனைமரத்தின் அடி கறுப்பு என்று மனதில் பதிந்திருக்கும். உண்மையில் பின்னேர வெயிலில் அது ஊதாவும் மண்ணிறமுமாக இருக்கும். வெறும் கறுப்பு ரியூபால் பூசிய பனை, படத்தில் ஓட்டை விழுந்ததுபோலத் தெரியும்.

கடைசியாக ஓரங்கள். சட்டம் போடாத படமென்றால் பக்கவாட்டைப் பாருங்கள். சிந்திய நிறங்கள், அடியில் முதலில் பூசிய மண்ணிறம் எல்லாம் அங்கே ஒளிந்திருக்கும். செம்மண்ணிறத்தில் அடி போட்டு அதன்மேல் நீல ஆகாயத்தைப் பூசியிருந்தால், இடையிடையே எட்டிப்பார்க்கிற அந்தச் சிவப்புத்தான் ஆகாயத்தைத் துடிக்க வைக்கிறது. விடுதிகளிலும் தளபாடக் கடைகளிலும் தொங்குகிற “தைலவர்ணங்கள்” பல, துணியில் அச்சடித்து மேலே தெளிந்த பசையைத் தூரிகையால் இழுத்தவை. மேட்டுத்தடம் ஒரு பக்கம் ஓடும், படத்திலுள்ள கோடு வேறு பக்கம் ஓடும். கிட்டப் போய்ப் பழகியவர் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்.

1841இல் ஜோன் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மடக்கிப் பிதுக்கக்கூடிய உலோக ரியூபுக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முன் குழைத்த நிறத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். வெளியே தூக்கிக்கொண்டு அலைவது பெரும்பாடு. ரியூப் வந்தபின் கடற்கரையிலேயே இருந்து படத்தை முடிக்கலாம் என்றானது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1870இல் வரைந்த “துரூவில் கடற்கரை” படத்தில் பெயின்ற்றோடு மணல் துணிக்கைகள் ஒட்டியிருக்கின்றன. சோளகம் வீசுகிற மாதத்தில் மணற்காட்டு மணல்மேட்டில் கன்வஸை விரிக்கிறவருக்கு எவ்வளவு ஒட்டும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எங்கே பார்ப்பது? மருதனார்மடத்தில் நுண்கலை படிக்கிற பிள்ளைகளின் காட்சிகள் நடந்தால் தவறவிடாதீர்கள். வரைந்தவர் பக்கத்திலேயே நிற்பார். கொழும்புக்குப் போகிற வேலை வந்தால் பாண்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு, இப்போது சபுமல் பவுண்டேஷன். 1943இல் கொழும்பில் ஒன்றுசேர்ந்த நவீன ஓவியர்களான ’43 குழுவினரின் படங்கள் அங்கே இருக்கின்றன. ஐவன் பீரிஸ் அவர்களில் ஒருவர். வாழ்நாளின் பெரும்பகுதி இங்கிலாந்தில் இருந்துகொண்டு இலங்கைக் கடற்கரைகளை நினைவிலிருந்து வரைந்தவர். ஊரைவிட்டுப் போனவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிற நமக்கு அந்தக் கடற்கரைகளைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படாது.

வீட்டில் ஒரு பரீட்சை

ஒருமுறையாவது கையில் எடுத்துப் பாருங்கள். ஓவியர் ஆவதற்காக இல்லை. ஒரு மணித்தியாலம் இதைக் குழைத்தவருடைய கண் வேறு கண். ரைற்றேனியம் வெள்ளை, அல்ட்ராமரின், யெலோ ஓக்கர், பேர்ண்ற் சியன்னா, இந்த நான்கு சிறிய ரியூபுகள் போதும். மாணவர் தரம் காணும். பேருக்குப் பக்கத்தில் “ஹியூ” என்று இருந்தால் அது அசலின் சாயலில் வேறு மலிவான நிறங்களால் செய்தது என்று பொருள். கெட்டதில்லை, விலையை மட்டும் அதற்கேற்பப் பாருங்கள். ஹாட்போர்ட் துண்டுக்கு ஜெஸ்ஸோ இரண்டு தரம் பூசிக் காயவிடுங்கள்.

அல்ட்ராமரினையும் பேர்ண்ற் சியன்னாவையும் கலவுங்கள். கறுப்புக்குக் கிட்டிய ஒரு இருட்டு வரும். அதுதான் பனையின் அடி. கொஞ்சம் வெள்ளை சேர்த்தால் மழைக்கால ஆகாயம். அல்ட்ராமரினும் ஓக்கரும் சேர்ந்தால் மங்கிய பச்சை, கோடைப் பனையோலை. புகையிலையின் பளிச்சென்ற பச்சை இதில் வராது, அதற்கு எலுமிச்சை மஞ்சள் வேண்டும். பிறகு ஒரு மூலையில் நிறத்தை மெல்லிசாகத் தேய்த்துவிடுங்கள், மறு மூலையில் பெருவிரல் அளவுக்குக் கட்டியாக அப்புங்கள்.

ரேபன்ரைனை மூடிய அறையில் திறக்கவேண்டாம், விறாந்தையில் இருங்கள். இன்னொன்று, கட்டாயம்: ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். எண்ணெய் ஒட்சிசனை எடுக்கும்போது சூடு பிறக்கும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பற்றும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள். தூரிகையைத் துடைத்து, தேங்காயெண்ணெயில் அளைந்து, பிறகு சவர்க்காரத்தால் எண்ணெய்ப்பசை போகக் கழுவுங்கள். தேங்காயெண்ணெய்க்கு இந்தத் தொழிலில் இருக்கிற இடம் அதுதான், எனக்குப் பிந்தித் தெரிந்தது.

ஹாட்போர்ட்டை வெளிச்சமுள்ள இடத்தில் தூசிபடாமல் வையுங்கள். இருட்டு அலுமாரிக்குள் வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். ஒரு மாதம் கழித்து மெல்லிய மூலையைத் தொடுங்கள், காய்ந்திருக்கும். கட்டியாக அப்பிய மூலையும் மேலே தோல் பிடித்துக் காய்ந்ததுபோலத்தான் தெரியும். ஒரு குண்டூசியால் குத்திப் பாருங்கள். உள்ளே இன்னும் ஈரம்.